நகரும் நிழல்: பாறசாலை வழிச் சாலையில் குளிர்ச்சியின் விலை

சென்ற சித்திரையில், நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே குதிரை வளர்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். இரண்டு குதிரைகளை ஏற்றிச் செல்வதற்கென ஒரு வண்டியைக் கட்டுவித்துக் கொண்டிருந்தார். அதன் முன்பகுதியில், குதிரைகளுடன் செல்வோர் இரவில் தங்கச் சிறு அறை ஒன்றும் உண்டு. அந்த அறைக்குக் குறைந்த செலவில் எந்த ஏசி பொருந்தும் என்பதே கேள்வி. வரலாற்று மாணவனிடம் கேட்கத்தக்க கேள்வி அன்று. ஆயினும், பழைய கட்டடங்களின் காற்றோட்டம் பற்றி நான் எழுதியிருப்பதை நினைவில் வைத்துக் கேட்டார்.

குதிரைகள் நிற்கும் பகுதிக்கு ஏசி வேண்டாம், நல்ல காற்றோட்டம் போதும் என்றேன். உடனே அவர், "குதிரைக்கே காற்றுப் போதும்னா, கூடப் போற பயலுக்கு எதுக்கு சாரே ஏசி?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. அவர் வண்டி ஓடப்போகும் சாலையில் இக்கேள்வி புதியதன்று. பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் அந்தச் சாலையில் நிழலும் குளிர்ச்சியும் யாருக்கு உரியவை, அதன் விலையை யார் கொடுப்பது என்ற வழக்கு பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. அந்த வழக்கின் சில கட்டங்களை இங்கே தொகுத்துப் பார்க்கிறேன்.

கப்பலில் வந்த குதிரைகள்

குதிரையிலிருந்தே தொடங்கலாம். தென்னகத்தின் ஈரவெப்பத்தில் குதிரை பெருகி வளர்வதில்லை. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2000 குதிரைகள் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை எனவும் எழுதினார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கு இல்லை என்பதும், அத்தகையோர் இங்கு வராதபடி விற்கும் வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் சொல்லும் காரணங்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் அதே விலையைக் கொடுத்தாக வேண்டும்.

அக்குதிரைகள் பயணம் செய்த விதத்தையும் போலோ ஹொர்முஸ் துறைமுகத்தை விவரிக்கும் இடத்தில் குறிப்பிடுகிறார். அங்குள்ள கப்பல்களுக்கு மேல்தளம் கிடையாது. சரக்கை நிரப்பி, அதன்மேல் தோல்களை விரித்து, அத்தோல்களின் மேல் குதிரைகளை நிறுத்தினர். கூரையில்லாத பயணமாதலால் வெயிலுக்குத் தடுப்பில்லை. கடற்காற்று மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. ஒரு பெரிய உயிரினத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முதற்தேவை காற்று என்பதற்கு இது பழைய சான்று. ஓய்வில் நிற்கும் ஒரு குதிரை, ஏறத்தாழ ஆறு மனிதர் வெளியிடும் வெப்பத்தை வெளியிடுகிறது. மூடிய பெட்டிக்குள் இரண்டு குதிரைகளை நிறுத்தினால், அவற்றின் உடலே அவற்றுக்கு அடுப்பாகும்.

இதே போலோ, திருவிதாங்கூர்க் கடற்கரையின் வெப்பத்தைப் பற்றி ஒரு மிகைக்கூற்றையும் விட்டுச் சென்றிருக்கிறார். கொல்லத்தின் ஆற்றில் முட்டையை இட்டால், சிறிது தொலைவு நடப்பதற்குள் வெயிலிலேயே அது வெந்துவிடுமாம். அந்த மிகையில் ஓர் உண்மை உண்டு. பாலைநிலங்களைக் கடந்து வந்த ஒருவரையே நம் கடற்கரை திணறடித்திருக்கிறது. அவரைத் திணறடித்தது வெப்பநிலை மட்டுமன்று; காற்றிலிருந்த ஈரம்.

வெட்டிவேர் இங்கு ஏன் வெல்லவில்லை

இந்தியாவில் மலிவான குளிர்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெட்டிவேர்த் தட்டியிலிருந்து தொடங்குவர். வாசலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி நீர் தெளித்தால், அதனூடாக வரும் காற்று குளிர்கிறது. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே இதன் இயக்கம். 1870களில் இந்திய இரயில்வேயின் முதல் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றில் இந்த முறை பொருத்தப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் ஏர்கூலரும் இதன் வழித்தோன்றலே.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. காற்று ஏற்கெனவே எவ்வளவு ஈரத்தைச் சுமந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் குளிர்க்கும் ஆற்றல் குறையும். வடநாட்டின் வைகாசியில் 42 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், நனைந்த தட்டி அந்தக் காற்றை ஏறத்தாழ 24 பாகை வரை இறக்க இயலும். பாறசாலையில் 33 பாகையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பிற்பகலில், எவ்வளவு நீர் தெளித்தாலும் 28 பாகைக்குக் கீழே செல்ல இயலாது; அறையின் ஈரம் வேறு கூடிவிடும். ஆகவே வடநாட்டில் ஏழையின் ஏசியாக விளங்கும் கருவி, நம் எல்லைக் கிராமங்களில் பணவிரயமாகிவிடுகிறது. மலிவு என்பதும் ஊருக்கு ஊர் மாறும் பொருள்.

இந்த நிலத்தின் கட்டடக்கலை நீரை நம்பாமல் நிழலையும் காற்றையும் நம்பியதன் காரணம் இதுவே. பத்மநாபபுரம் அரண்மனையின் ஆழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரைகள், சாய்ந்த மரச்சட்டங்களாலான சாளரங்கள், நடுமுற்றங்கள் ஆகிய எல்லாம் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடுகள். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் கட்டுவித்த மாளிகையில் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் அழகிய வடிவம் உண்டு. அதன் கூரை இறவாரத்தைத் தாங்கும் மரத்தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன; அதனாலேயே அது குதிரைமாளிகை எனப் பெயர் பெற்றது. அங்கே நிழலைக் குதிரைகளே சுமந்து நிற்கின்றன. எளிய வீட்டில் இதே வேலையை ஓலைக்கூரை செய்தது. வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள்களில் ஓலையும் வைக்கோலும் முதன்மையானவை. கூண்டு வண்டியின் வளைந்த கூரை, அந்த வீட்டுக் கூரையின் நகரும் வடிவமே. மூங்கில் வளையத்தின்மேல் பாய், உள்ளே வைக்கோல் மெத்தை, முன்னும் பின்னும் திறப்பு. வண்டி நகரும்போது காற்று தானே உள்ளே நுழையும்.

நேரத்தால் வாங்கிய குளிர்ச்சி

கூண்டு வண்டியைவிட மலிவான ஒரு குளிர்ச்சி இச்சாலையில் புழங்கியது. அது பயணிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. மாட்டுவண்டிகள் அந்தி சாய்ந்து புறப்பட்டு இரவெல்லாம் நகர்ந்து, வெயில் ஏறுமுன் மரத்தடியிலோ வழியம்பலத்திலோ அவிழ்க்கப்பட்டன. மாட்டுக்கும் மனிதருக்கும் இரவே குளிரூட்டி.

இந்தப் பழைய கால அட்டவணையின் சாயல் இன்றும் ஒரு நிகழ்வில் தங்கியிருக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டுச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னூற்றுநங்கை ஆகிய திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் பயணம் அது. சுவாதித் திருநாள் காலத்தில் இவ்விழா தலைநகருக்கு மாறியது என்பர். முதல் இரவு குழித்துறையில். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். இன்று பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் தொலைவை மூன்று நாட்களாகப் பகுத்திருப்பதில், நடப்போரின் உடலும் யானையின் உடலும் தாங்கும் அளவு பொதிந்திருக்கிறது. குமாரசுவாமிக்கு ஒரு வெள்ளிக்குதிரையும் உண்டு. விஜயதசமியன்று அதன்மேல் ஏறியே அவர் பூஜப்புரைக்குச் செல்கிறார். வெயிலில் வாடாத ஒரே குதிரை அதுதான்.

இப்பயணத்தை நம் மாணவர்கள் பெரும்பாலும் அரசச் சடங்காக மட்டுமே ஆராய்கின்றனர். தங்கல்களின் வரிசையாகவும் அதை ஆராயலாம். ஒரு தங்கலுக்கும் மறு தங்கலுக்கும் இடையிலான தொலைவு, இயந்திரத்துக்கு முந்தைய உலகில் வெப்பத்தை அளந்த ஓர் அளவுகோல்.

நிழலுக்குச் சாதி இருந்தது

இதுவரை சொன்னவை குளிர்ச்சியின் நுட்பங்கள். இனி அதன் உரிமைக்கு வருவோம்.

திருவிதாங்கூர் அரசு சாலைதோறும் ஊட்டுப்புரைகளை நடத்தியது. வழிப்போக்கருக்கு நிழலும் உணவும் விலையின்றிக் கிடைத்த இடங்கள் அவை. ஆனால் அந்த வழிப்போக்கர் பிராமணராக இருக்க வேண்டும். அரசின் செலவில் நடந்த அந்தக் குளிர்ந்த கூடங்களுக்கு வெளியே, அதே சாலையில் தலைச்சுமையுடன் நடந்தவர்களுக்கு வாய்த்தது சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திய எளிய அமைப்பு. துணையில்லாமலே சுமையை இறக்கி வைக்கவும் மறுபடி தலையில் ஏற்றவும் உதவும் உயரம். வயிற்றில் பிள்ளையுடன் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் தமிழ்நிலமெங்கும் உண்டு. இறக்கி வைக்க முடியாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், வழிச்செல்வோர் சுமை இறக்கட்டும் என்ற எண்ணம். அரசு ஒருவருக்குக் கூடம் கட்டியது. எளியோர் ஒருவர்க்கொருவர் கல் நட்டுக்கொண்டனர். சுமைதாங்கிக்குக் கூரை கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிழலின் மிகச் சிறிய, மிக மலிவான வடிவம் குடை. அதற்கும் தடை இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், திருவிதாங்கூரில் சாணார் எனப்பட்ட நாடார் மக்கள் மேல் சுமத்தப்பட்ட தடைகளைப் பட்டியலிடுகிறார். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டலாகாது, பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் சுமக்கலாகாது. இப்பட்டியலை நாம் மான அவமானத்தின் பட்டியலாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அது சரியே. ஆனால் வெப்பத்தின் கண்கொண்டு ஒருமுறை மறுபடி படித்துப் பாருங்கள். தலைக்கு நிழல் இல்லை. காலுக்கும் சுடுமண்ணுக்கும் இடையே தோல் இல்லை. காற்றெட்டும் உயரத்தில் ஒரு மாடி இல்லை. சித்திரை வெயிலை ஒரு சாராரின் உடல்மேல் முழுமையாக இறக்கிவைத்த சட்டம் அது. பனையேறியும் வயலில் உழைத்தும் மிகுதியாக வெயிலில் நின்றவர்கள் எவரோ, அவர்களுக்கே நிழல் மறுக்கப்பட்டது.

உடையின் வழக்கும் இதனோடு சேர்ந்தது. 1822 முதல் 1859 வரை இப்பகுதியில் தொடர்ந்த தோள்சீலைப் போராட்டம், மாண்பை உடலின்மேல் போர்த்திக்கொள்ளும் உரிமைக்கானது. 1859 ஜூலை 26ஆம் நாள் அரசு வெளியிட்ட அறிவிப்பு, மேலாடை அணியும் உரிமையைத் தந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல அணிவதை மட்டும் தடுத்தது. அதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பாலராமபுரத்தில், பாலராமவர்மா காலத்தில் தமிழ்நிலத்திலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்கள், ஈரவெப்பத்துக்கு மிக இசைந்த மெல்லிய பருத்தித் துணியை அரண்மனைக்காக நெய்துகொண்டிருந்தனர். குளிர்ந்த துணி இங்கேயே நெய்யப்பட்டது. அதை யார் எவ்வாறு உடுத்தலாம் என்பதை அரசு அறிவிக்க வேண்டியிருந்தது.

வெங்ஙானூரிலிருந்து ஒரு வில்வண்டி

1893இல் இந்த வழக்கு வண்டியின் வடிவத்திலேயே சாலைக்கு வந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, புலையர் சமூகத்தவர். பொதுச்சாலையில் நடப்பதே தண்டனைக்குரிய செயலாயிருந்த நாளில், அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, இரண்டு காளைகளைப் பூட்டி, தலைப்பாகையும் மேலாடையும் அணிந்து சாலையில் ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்களை நேருக்கு நேர் சந்தித்தார்.

அவர் வில்வண்டியைத் தேர்ந்தெடுத்ததன் பொருளைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சாலையில் நடந்து செல்வதும் ஓர் உரிமைக்கோரிக்கையாகியிருக்கும். பிற்காலத்தில் வைக்கம் போராட்டத்துக்கு ஆதரவாக 1924 நவம்பரில் நாகர்கோவில் பக்கமிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் திருவனந்தபுரம் வந்தவர்கள் நடைப்பயணமாகவே வந்தனர். ஆனால் வில்வண்டி வசதியின் சின்னம். அதன் இரும்புவில் குலுங்கலை வாங்கிக்கொள்கிறது. அதில் அமர்பவரின் கால் சுடுமண்ணைத் தொடுவதில்லை. உழைக்கும் உடலுக்குச் சாலையைக் கடக்கும் உரிமை மட்டும் போதாது, சுகமாகக் கடக்கும் உரிமையும் உண்டு என்று அய்யங்காளி அந்த வண்டியால் வாதிட்டார். குளிர்ச்சியும் ஓய்வும் ஆடம்பரம் என்னும் வாதத்துக்கு நம் மண்ணிலிருந்து கிடைக்கும் வலுவான மறுப்பு இதுவென நான் கருதுகிறேன்.

பனிக்கட்டியிலிருந்து 'டன்' வரை

இனி இயந்திரக் குளிர்ச்சிக்கு வருவோம். நண்பர் என்னிடம் முதலில் கேட்டது, "அரை டன்னா, முக்கால் டன்னா, ஒரு டன்னா?" என்பது. எடையைக் குறிக்கும் டன், குளிர்ச்சியின் அளவானது எப்படி?

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடரின் பனிக்கட்டிச் சரக்குடன் புறப்பட்ட டஸ்கனி என்னும் கப்பல், நான்கு மாதங்களுக்குப்பின் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றிய ஏறத்தாழ 180 டன்னில் 100 டன் அளவுக்கு உருகாமல் வந்து சேர்ந்தது. பனிக்கட்டியைச் சுற்றி மரத்தூளை அடைத்து வெப்பத்தைத் தடுத்தது டியூடர் கையாண்ட உத்தி. சென்னையில் 1842இல் அவர் பனிக்கட்டிக்காகக் கட்டிய வட்டவடிவக் கிடங்கே இன்று விவேகானந்தர் இல்லம் என அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ். பின்னர் இயந்திரங்கள் வந்தபோது, அவற்றின் ஆற்றலை வாங்குவோருக்குப் பழகிய பொருளாலேயே சொல்ல வேண்டியிருந்தது. 2000 ராத்தல் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஈர்த்துக்கொள்ளும் வெப்பமே ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பிடியூ. மின்கணக்கில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். இன்று களியக்காவிளைக் கடைத்தெருவில் ஏசி வாங்குபவரும், தம்மை அறியாமலே, அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியின் மொழியில்தான் பேரம் பேசுகிறார்.

அந்தப் பனிக்கட்டிக் குளிர்ச்சியும் மக்கள் எல்லோருக்கும் உரியதாயிருக்கவில்லை. வெள்ளையரின் மேசைக்குப் பனிக்கட்டி வந்தது. அவர்களது தலைக்குமேல் அசைந்த பங்காவை, வெளித்திண்ணையில் அமர்ந்து கயிற்றால் ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவரின் வியர்வையை மற்றொருவரின் காற்றாக மாற்றிய அமைப்பு அது. 1934இல் ஃபிரான்டியர் மெயில் இரயிலில் பனிக்கட்டியால் குளிர்வித்த பெட்டியும், 1936இல் இந்தியாவின் முதல் ஏசி பயணிகள் பெட்டியும் ஓடின. அதே 1936இன் நவம்பர் 12ஆம் நாள்தான் திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை. ஆனால் காற்றைக் கட்டுப்படுத்தும் பொறியை ஒரு நாடு உருவாக்கிய அதே ஆண்டில்தான், கல்மண்டபத்தின் நிழலை மக்கள் அனைவருக்கும் திறந்துவிடவும் அதன் ஒரு மூலையில் இயன்றது.

நம் எல்லைக் கிராமங்களுக்கு அந்த இரயில் பெட்டிகள் எட்டாத உலகம். திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. அதுவரை பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் சாலையே கதி. இடையில் அந்தச் சாலையின் குறுக்கே ஒரு மாநில எல்லையும் விழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கோரியது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் ஆயின. தமிழ் பேசும் குடும்பங்கள் இருபுறமும் எஞ்சின. எல்லை, மனிதரைப் பிரித்தது, வெயிலைப் பிரிக்கவில்லை.

நண்பருக்கு நான் சொன்ன கணக்கு

இவ்வளவையும் நண்பரிடம் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு கணக்கு. வரலாறு கற்பித்த வரிசையிலேயே அதை அமைத்துச் சொன்னேன்.

முதலில் நேரம். குதிரைகளை இரவிலோ விடியலிலோ ஏற்றிச் செல்லுங்கள். நண்பகலில் வண்டி நிற்குமானால் மரநிழலில் நிற்கட்டும்.

இரண்டாவது கூரை. தகரக் கூரை நண்பகலில் 60 பாகைக்கு மேல் கொதிக்கும். அதை வெண்ணிறமாக்கி, உட்புறம் வெப்பத்தடுப்புப் பலகை பொருத்துங்கள். முடிந்தால் சிறிது இடைவெளி விட்டு மேலே இன்னொரு கூரை. கூண்டு வண்டியின் பாயும் டியூடரின் மரத்தூளும் செய்த வேலை இதுவே. இதற்காகும் செலவு ஒருமுறைதான். இதைத் தவிர்த்தால் ஏசியின் செலவு நாள்தோறும் கூடும்.

மூன்றாவது காற்று. குதிரைப் பகுதியின் இருபுறமும் உயரத்தில் சாளரங்கள் திறக்கட்டும். நிற்கும் நேரத்துக்கு மின்விசிறிகள் இருக்கட்டும். அங்கே ஏசி வைத்தால், குதிரைகளின் உடல்வெப்பத்தோடு போட்டியிட்டே அதன் ஆற்றல் தீரும்.

நான்காவதுதான் இயந்திரம். ஏர்கூலர் நம் ஈரக்காற்றுக்கு உதவாது, வாங்க வேண்டாம். வெப்பத்தடுப்புச் செய்த, இருவர் படுக்கும் சிறு அறைக்கு அரை முதல் முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி போதும். ஒரு டன் இயந்திரம் முழு வேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் மின்சாரம் உண்ணும். ஆறு மணி நேரத்துக்கு ஆறு யூனிட். அதற்கான பேட்டரி, ஏசியைவிட விலை மிகும். அறையின் வெப்பத்தைக் கூரையிலேயே தடுத்துவிட்டால் தேவை பாதியாகும். தங்குமிடத்தில் வெளிமின்சாரம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஜெனரேட்டர் வைப்பதானால் அதன் புகை அறைக்குள் வராத தொலைவில் இருக்க வேண்டும். உறங்குபவரைக் கொல்லும் வாயு அதில் உண்டு.

ஐந்தாவதாக, அவர் வேடிக்கையாகக் கேட்ட கேள்விக்கு விடை. கூடப் போகிற பையனுக்கு ஏசி எதற்கு? இரவெல்லாம் வண்டியோட்டியவனும் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவனும் பகலில்தான் உறங்க வேண்டும். பகலின் வெப்பத்தில் உறங்காத ஓட்டுநர், மறுநாள் இரவு குதிரைகளோடு தானும் சாலையில் ஆபத்தாகிறார். இதை இன்று சட்டமும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்2, என்3 வகைச் சரக்குந்துகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் துறை, திறந்தவெளியில் வேலை செய்வோருக்கு நண்பகல் ஓய்வை ஆணையிடுகிறது. ஊட்டுப்புரையிலிருந்து இந்த ஆணை வரையிலான தொலைவை, மார்த்தாண்டத்திலும் வெங்ஙானூரிலும் வைக்கத்திலும் நின்றவர்களே நடந்து கடந்தார்கள்.

நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ முதல்ல கூரையைப் பார்க்கலாம்" என்றார். வண்டி இப்போது இரட்டைக் கூரையுடன் ஓடுகிறது. முன்னறையில் முக்கால் டன் ஏசி இருக்கிறது. அதன் திறவுகோல் அந்தப் பையனிடம்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

வெப்பத்தின் சமூக வரலாறு தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. பஞ்சத்தை எழுதினோம், வெள்ளத்தை எழுதினோம், வெயிலை இயற்கையின் பின்னணியாக விட்டுவிட்டோம். அது எல்லோர் தலைமேலும் ஒருபடித்தாக விழவில்லை என்பதற்குக் குடைத்தடை ஒன்றே போதிய சான்று.

இச்சாலையின் இருமருங்கிலும் எஞ்சியுள்ள சுமைதாங்கிகள், வழியம்பலங்கள், மாடுகள் நீர் குடித்த கல்தொட்டிகள் ஆகியவை சாலை விரிவாக்கத்தில் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள மாணவர்கள், உங்கள் ஊரில் ஒன்று எஞ்சியிருந்தால் அதன் இடத்தையும் உயரத்தையும் அதிலுள்ள எழுத்தையும் குறித்து வையுங்கள்; படம் எடுங்கள். உங்கள் பாட்டியிடம், எந்த மரத்தடியில் சுமை இறக்கினார், அந்த நிழலில் அமர யார் இசைந்தார்கள், யார் தடுத்தார்கள் என்று கேளுங்கள். கருத்துப் பகுதியில் எழுதினால், பெயர் தவிர்த்து, தொகுத்து வைக்கிறேன். என் கூற்றுகளில் பிழை காண்போர் தயங்காமல் திருத்துக.